கடைசி பெஞ்ச் ஏன் கடைமடை ஆகிறது? ஆங்கில வகுப்பில் பேச்சு முறை: ஒரு நிகழ்வு ஆய்வு

பாடவேளை 45 நிமிடம். பிள்ளைகள் 40 பேர். வகுப்பறைப் பேச்சை மூன்று நொடிக்கு ஒரு குறி என்று பதிந்து ஆராய்ந்த அமெரிக்கர் நெட் ஃபிளாண்டர்ஸ் ஒரு ‘மூன்றில் இரண்டு’ கணக்கைச் சொன்னார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. அதை இங்கே போட்டுப் பார்த்தால் 30 நிமிடம் பேச்சு, அதில் 20 நிமிடம் ஆசிரியர். மிச்சமிருக்கும் 10 நிமிடத்தை 40 பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 15 நொடி. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஆங்கிலப் பேச்சு அவ்வளவுதான். அதுவும் சமமாகப் பங்கு வைத்தால்.

சமமாக யாரும் வைப்பதில்லை. முறைப்பாசனத்தில் தலைமடை வயல் நிரம்பி வழியும்போது கடைமடை வெடித்துக் கிடப்பது போல, முன் பெஞ்சில் நாலைந்து பேர் பேசிக்கொண்டே இருக்க, பின்னால் இருப்பவர்கள் வாரக்கணக்கில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் போகிறார்கள். “பசங்களுக்குக் கூச்சம்” என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. கூச்சம் உண்மைதான். ஆனால் பேசும் முறை, அதாவது யார் எப்போது பேசுவது என்ற வாய்ப்பு, எப்படித் திறக்கப்படுகிறது, எந்த இடத்தில் அடைக்கப்படுகிறது என்று வரிவரியாகப் பார்த்தால், கூச்சத்தின் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி மடையைச் சேர வேண்டியது என்று தெரியும்.

எடுத்துக்கொண்ட வகுப்பு

தமிழ்நாட்டில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. இரண்டு பக்கமும் ஐந்தைந்து பெஞ்ச், பெஞ்சுக்கு நான்கு பேர். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். பாடம், இறந்தகால வினை. கேள்வி, போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்பது. கீழே வரும் உரையாடல் துண்டுகள் எந்த ஒரு பள்ளியின் ஒலிப்பதிவும் அல்ல. இத்தகைய வகுப்புகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே வகுப்பாகக் கோத்த மாதிரி. பெயர்களும் அப்படியே. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் மௌனத்தின் நீளம், நொடியில். சொல்லுக்குப் பின் வரும் முக்காற்புள்ளி, அந்த ஒலி இழுக்கப்பட்டதைக் காட்டுகிறது.

துண்டு 1

1 ஆசிரியர்: வாட் டிட் யூ டூ லாஸ்ட் சண்டே? (0.8) எனி ஒன்?
2 (0.6)
3 ஆசிரியர்: போன ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க? டெல் மீ.
4 பலர்: நான் டீச்சர்! டீச்சர், நான்!
5 ஆசிரியர்: கவிதா.
6 கவிதா: ஐ வென்ட் டு மார்க்கெட், டீச்சர்.
7 ஆசிரியர்: வெரி குட். ஐ வென்ட் டு த மார்க்கெட். எவ்ரிபடி?
8 எல்லாரும்: ஐ வென்ட் டு த மார்க்கெட்.
9 ஆசிரியர்: குட். நெக்ஸ்ட், முருகன்.
10 (1.2)
11 முருகன்: ஐ: (0.9) ஐ கோ
12 ஆசிரியர்: வென்ட்.
13 முருகன்: வென்ட்.
14 ஆசிரியர்: வேர் டிட் யூ கோ? மாமா வீடா? அங்கிள்ஸ் ஹவுஸ்.
15 முருகன்: அங்கிள் அவுஸ்.
16 ஆசிரியர்: சிட் டவுன். நெக்ஸ்ட்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் கேட்கிறார், பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள், பிழை திருத்தப்படுகிறது. ஆனால் முருகன் பேசியதை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ‘வென்ட்’ ஆசிரியர் கொடுத்தது. ‘அங்கிள் அவுஸ்’ ஆசிரியர் கொடுத்தது. அவனுடைய சொந்தச் சரக்கு ‘ஐ கோ’ மட்டும்தான். அவன் மாமா வீட்டுக்குத்தான் போனானா என்பதுகூட இந்தத் துண்டிலிருந்து தெரியவில்லை.

முறை யார் கையில்

சாதாரணப் பேச்சில் முறை மாறுவதற்கு மூன்று வழி உண்டு என்று ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதினார்கள். பேசுகிறவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் தேர்ந்தெடுக்காவிட்டால் யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கு முறை. யாரும் தொடங்காவிட்டால் பேசியவரே தொடரலாம். டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் காது கொடுத்தால் மூன்றும் நடப்பது தெரியும்.

வகுப்பறையில் இது சுருங்கிவிடுகிறது. அலெக் மக்ஹூல் 1978இல் காட்டியது இதைத்தான்: அடுத்தது யார் என்று தீர்மானிக்கும் உரிமை ஏறக்குறைய முழுக்க ஆசிரியரிடம் இருக்கிறது, மாணவர் பேசி முடித்த உடனே முறை தானாக ஆசிரியருக்கே திரும்பிவிடுகிறது. துண்டில் 6ஆம் வரிக்குப் பிறகு வேறு எந்த மாணவரும் “என்ன வாங்கின?” என்று கவிதாவைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அங்கே யாருக்கும் தோன்றாது.

கேள்வி, பதில், அதன்மேல் ஆசிரியரின் தீர்ப்பு என்ற மூன்றடுக்கு அமைப்பை இங்கிலாந்தில் சின்கிளேரும் கூல்தார்டும் 1975இல் விவரித்தார்கள். அது தவறான அமைப்பு அல்ல. 40 பேரை ஒரே பேச்சில் கட்டி வைக்க அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. தகராறு அதன் இரண்டு மூட்டுகளில் இருக்கிறது. ஒன்று, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உள்ள மௌனம். மற்றது, பதிலுக்குப் பின் ஆசிரியர் சொல்லும் மூன்றாவது அடி.

முதல் மூட்டு: 0.8 நொடி

மேரி பட் ரோ அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே இருந்தது. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் வராமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். பிள்ளைகளின் தாய்மொழியிலேயே இந்த நிலை.

இரண்டாம் மொழியில் கணக்கு இன்னும் இறுக்கம். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை, ஒரே ஒரு சொல்லை, வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையால் அது முடியாது. கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே அதன் கவனம் முழுதும் செலவாகிவிடும். கேள்வி முடிந்த பிறகுதான் பதில் வேலை தொடங்கும். நமக்கோ ஒரு நொடி மௌனமே ஏதோ தவறு நடந்துவிட்டது போலத் தோன்றுகிறது. அந்தப் பதற்றத்தில் வருவதுதான் 1ஆம் வரியின் ‘எனி ஒன்?’

3ஆம் வரி இன்னும் பெரிய செலவு. கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்வது உதவி என்று நினைத்துச் செய்யப்படுகிறது. ஆனால் மனதுக்குள் ஆங்கில வாக்கியத்தைக் கோக்க ஆரம்பித்த பிள்ளைக்கு அது கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுகிறது. இரண்டு மாதம் இப்படி நடந்தால் வகுப்பு வேறொன்றையும் கற்றுக்கொள்ளும்: ஆங்கிலக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம், பின்னாலேயே தமிழ் வந்துவிடும். தமிழ் தேவைப்பட்டால் கேள்விக்கு முன்பே, சூழலைச் சொல்லத் தமிழைப் பயன்படுத்துவது நல்லது. கேள்வி போட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

5ஆம் வரியில் ஆசிரியர் கவிதாவைத் தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறார். உண்மையில் கவிதாதான் தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். ஆசிரியர் ஒப்புக்கொண்டார், அவ்வளவே. வேகமான குரல் எப்போதும் ஆசிரியரின் கண்ணுக்கு நேரே, முன்னாலும் நடுவிலும் இருந்துதான் வரும். அமெரிக்க வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த ஆடம்ஸும் பிடிலும் 1970இல் அந்தப் பகுதியைச் ‘செயல் மண்டலம்’ என்றே குறித்தார்கள். ஆசிரியர் நிற்கும் இடம் மாறினால் மண்டலமும் கொஞ்சம் நகரும். வலது பின் மூலையில் நின்று கேள்வி கேட்பதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது மூட்டு: ‘வெரி குட்’

7ஆம் வரியில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது: பாராட்டு, பிறகு பதிலைத் திருப்பி ஒலிபரப்புதல். ஹான்சுன் ஜாங் வாரிங் 2008இல் ஆங்கிலம் கற்கும் பெரியவர்களின் வகுப்பு ஒன்றை ஆராய்ந்து, ‘வெரி குட்’ போன்ற பாராட்டு பேச்சை முடித்து வைக்கும் முத்திரையாகவே வேலை செய்கிறது என்று காட்டினார். சரியான விடை வந்துவிட்டது, இனி கேட்கவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். கவிதா சந்தையில் என்ன வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாமலே போனதற்குக் காரணம் அந்த இரண்டு சொல்.

ஒலிபரப்புக்கு ஒரு நியாயம் உண்டு. மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பின் கூச்சல், கவிதாவின் மெல்லிய குரல். கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஆசிரியர் எப்படியும் திருப்பிச் சொல்வார் என்று தெரிந்துவிட்டால் ஒரு மாணவர் பேசும்போது இன்னொருவர் காது கொடுக்க வேண்டியதில்லை. கேட்கும் வேலை செத்தால் முறை மாறும் வேலையும் செத்துவிடும். அதற்குப் பதில் கவிதாவிடமே “கேன் யூ டெல் தெம்?” என்று கடைசி பெஞ்சைக் கை காட்டலாம். ஆசிரியர் பேசுகிறவரை நெருங்கிப் போகாமல் விலகிப் போய் நின்றால் பேசுகிறவரின் குரல் தானாக உயரும். பெரும்பாலான ஆசிரியர்கள் சன்னக் குரல் கேட்டால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்கிறார்கள். குரல் இன்னும் தாழ்கிறது.

8ஆம் வரியின் கோரஸை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. உச்சரிப்புக்கும் வாக்கியத்தின் ஓசைக்கும் அது நல்ல பயிற்சி, தனியாகப் பேச அஞ்சும் பிள்ளைக்கு ஒரு மறைப்பும்கூட. ஆனால் அதை ‘எல்லாரும் பேசினார்கள்’ என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே யாரும் எதையும் தேர்ந்து சொல்லவில்லை.

12ஆம் வரிதான் இந்தத் துண்டின் முடிச்சு. முருகன் ‘ஐ:’ என்று இழுத்து, 0.9 நொடி நின்று, மறுபடி ‘ஐ கோ’ என்கிறான். இழுப்பும் நிறுத்தமும் அவன் தன்னைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறான் என்பதற்கான அறிகுறி. பேச்சில் பிழையைப் பேசுபவரே திருத்திக்கொள்ள இடம் விடுவதுதான் இயல்பான வழக்கம் என்று ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதினார்கள். ‘வென்ட்’ என்று உடனே எடுத்துக் கொடுத்தது அந்த இடத்தைப் பறித்துவிட்டது. திருத்துவதே தவறு என்று சொல்ல வரவில்லை. பால் சீட்ஹவுஸ் செய்த பிரிவு இங்கே உதவும்: வடிவத்தைப் பழக்கும் நேரத்துக்கு ஒரு முறை ஒழுங்கு, பொருளைப் பரிமாறும் நேரத்துக்கு வேறொரு முறை ஒழுங்கு. கேள்வி பொருளைக் கேட்கிறது, மூன்றாம் அடி வடிவத்தைத் திருத்துகிறது. எந்த ஆட்டம் நடக்கிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் இலக்கண மதிப்பெண் விழுகிறது.

தமிழ் வாய்க்கு ஆங்கில முறை

முருகன் ‘ஐ’ என்றதும் நின்றது தற்செயல் அல்ல. தமிழில் வினை கடைசியில் வரும். “நான் போன ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன்கூட ஏரிக்கு…” என்று போய்க்கொண்டே இருக்கலாம். என்ன வினை, எந்தக் காலம் என்ற முடிவைக் கடைசிச் சொல் வரை தள்ளிப் போடலாம். ஆங்கிலத்தில் ‘ஐ’ முடிந்த கையோடு வினை வேண்டும், அதுவும் காலத்தோடு. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடம் வாக்கியத்தின் இரண்டாவது படி. அங்கே விழும் மௌனத்தை ‘இவனுக்குப் பதில் தெரியவில்லை’ என்று படிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

முறையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழியும் வேறு. தமிழில் எச்சம் அந்த வேலையைச் செய்கிறது. ‘போயி, பார்த்து, வாங்கிட்டு’ என்று எச்சத்தில் நிறுத்தினால் வாக்கியம் முடியவில்லை என்று எதிராளிக்குத் தெரியும். மூச்சு வாங்கினாலும் குறுக்கே வர மாட்டார். முற்று வந்தால்தான் முறை காலி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு குறு வாக்கியமும் முற்றாகவே நிற்கிறது. ‘ஐ வென்ட் டு மார்க்கெட்’ என்றதும் முறை முடிந்ததுபோல் ஒலிக்கும், ஆசிரியர் புகுந்துவிடுவார். அங்கே எச்சத்தின் வேலையைச் செய்வது ‘அண்ட் தென்’, ‘ஸோ’, ‘பிகாஸ்’, இவற்றோடு குரலைக் கீழே இறக்காமல் நிறுத்துவது. இலக்கணப் பாடத்தில் இவை இணைப்புச் சொற்கள். பேச்சில் இவை ‘இன்னும் முடிக்கவில்லை, இரு’ என்ற கை.

யோசிக்க நேரம் வாங்கும் சொல்லும் வேண்டும். தமிழில் ‘வந்து…’, ‘அது என்னன்னா…’ என்று தாராளமாக வைத்திருக்கிறோம். அதே பிள்ளை ஆங்கிலத்தில் வெறும் மௌனமாகிவிடுகிறது. காரணம் எளிது: ‘வெல்’, ‘லெட் மீ திங்க்’, ‘ஜஸ்ட் எ மினிட்’ எதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவை பாடப் பொருளாகத் தோன்றாததால் விட்டுப் போனவை.

கேட்பவர் பக்கமும் இதே கதை. கதை சொல்லும் பாட்டி, எதிரே ‘ம்’ கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். அந்த ‘ம்’ முறையைப் பறிக்காது. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்’ என்று முறையைத் திருப்பிக் கொடுக்கும். ஆங்கில ஜோடிப் பேச்சில் பிள்ளைகள் ‘ம்’ கொட்டுவதில்லை. ஒருவர் ஒப்பிக்க, மற்றவர் கல்லாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘ம்ஹும்’, ‘ஓ’, ‘ரியலி?’ என்ற மூன்றையும் கற்றுக் கொடுத்தால் ஜோடிப் பேச்சின் நிறமே மாறிவிடும்.

முறையைக் கைமாற்றத் தமிழில் ‘இல்ல?’, ‘தானே?’ போதும். ஆங்கிலத்தில் அந்த வால் (‘இஸிண்ட் இட்?’, ‘டிடிண்ட் யூ?’ போன்றது) ஒவ்வொரு வினைக்கும் மாறும் என்பதால் ஒன்பதாம் வகுப்பில் அதைத் துரத்துவது வீண். ‘ரைட்?’, ‘அண்ட் யூ?’ இரண்டும் எந்த வாக்கியத்துக்கும் பொருந்தும்.

வழக்கமான வைத்தியங்கள்

வரிசை முறை, அதாவது ரோல் நம்பர்படி அல்லது பெஞ்ச் வாரியாகக் கேட்பது நியாயமாகத் தெரியும். 14ஆவது பிள்ளை தன் முறைக்கு எத்தனை பேர் என்று எண்ணி, தன் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யும்; முறை முடிந்ததும் ஓய்வு. வாசிக்க வைக்க வரிசை சரி, பேச்சுக்கு உதவாது.

பெயரை முதலில் சொல்லிக் கேள்வியைப் பின்னால் போட்டால் மற்ற 39 பேருக்கும் அந்தக் கேள்வி இல்லை. எனவே கேள்வி, மௌனம், பெயர் என்ற வரிசை. இது பலருக்கும் தெரிந்ததுதான். நடுவில் உள்ள மௌனம்தான் விடுபடும்.

ஐஸ் குச்சிகளில் 40 பெயரையும் எழுதி டம்ளரில் போட்டு உருவுவது, செயல் மண்டலத்தை உடைக்கும் மலிவான கருவி. எடுத்த குச்சியை வெளியே வைத்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கு விடுதலை. திரும்ப டம்ளரிலேயே போட வேண்டும். குச்சியை உருவும் முன் கேள்வியும் மூன்று நொடியும் முடிந்திருக்க வேண்டும். ‘பாஸ்’ சொல்ல ஒரு முறை அனுமதி, ஆனால் இரண்டு பேருக்குப் பின் ஆசிரியர் திரும்ப அதே பிள்ளையிடம் வர வேண்டும். திக்குவாய் உள்ள பிள்ளையின் குச்சியைப் பற்றி முன்கூட்டியே அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி முடிவு செய்வது நல்லது. ஒன்றை மறக்கக் கூடாது: குச்சி, பேசும் முறையைப் பரவலாக்கும், நீளமாக்காது. கடைசி பெஞ்சுக்கும் ‘அங்கிள் அவுஸ்’தான் கிடைக்கும்.

பந்து எறிந்து பிடிப்பவர் பேசுவது வட்டமாக நிற்கும் 10, 12 பேருக்குப் பொருந்தும். பெஞ்ச் போட்ட 40 பேர் வகுப்பில் பந்து நண்பனுக்கே போகும், அல்லது ஜன்னலுக்கு.

புளியங்கொட்டை இவற்றைவிட மேல். ஸ்பென்சர் கேகனின் குழுமுறைகளில் வில்லைகளை வைத்துச் செய்வதை இங்கே புளியங்கொட்டையால் செய்யலாம். நால்வர் குழு, தலைக்கு மூன்று கொட்டை. பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர் மற்றவர்கள் தீர்க்கும்வரை கேட்க மட்டும் செய்யலாம். நான்கு நிமிடம் போதும். முதல் தடவை இது நிச்சயம் கெடும்: ‘எஸ்’, ‘நோ’, ‘ஓகே’ என்று மூன்று கொட்டையையும் பத்து நொடியில் தள்ளிவிடுவார்கள். அதனால் ஒரு சட்டம் வேண்டும்: முழு வாக்கியத்துக்கு அல்லது கேள்விக்கு மட்டுமே கொட்டை செல்லும், ‘ம்’ கொட்டுவது இலவசம்.

இவற்றில் பெரும்பாலானவை யார் பேசுவது என்பதை மட்டுமே மாற்றுகின்றன. பேச என்ன இருக்கிறது, பேசிய பின் என்ன ஆகும் என்பவற்றைத் தொடுவதில்லை.

மறுபடி அதே பாடம்

இம்முறை பலகையில் முதலில் மூன்று பத்தி. இடப்பக்கம் ஆறு வினைகள்: வென்ட், சா, ஏட், பாட், பிளேடு, ரேன். நடுவில் பேசுபவரின் சொற்கள்: ‘வெல்’, ‘லெட் மீ திங்க்’, ‘அண்ட் தென்’, ‘அண்ட் யூ?’ வலப்பக்கம் கேட்பவரின் சொற்கள்: ‘ம்ஹும்’, ‘ரியலி?’, ‘ஹூ வென்ட் வித் யூ?’, ‘வாட் ஹேப்பண்ட்?’ நான்கு நிமிடம் கோரஸாக ஓசையோடு பழக்கம். கோரஸுக்கு உரிய இடம் இதுதான்.

பிறகு ஒரு நிமிட மௌனம், நோட்டில் மூன்று சொல் மட்டும் எழுத. வாக்கியம் எழுத விட்டால் ஜோடியில் வாசிக்கத்தான் செய்வார்கள். நோட்டைப் பார்த்து வாசிப்பவரிடம் குறுக்கே கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

பின்பு ஜோடி. யோசி, ஜோடியோடு பேசு, வகுப்புக்குச் சொல் என்ற இந்த மூன்றடியை ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். பெஞ்சில் முதல் இருவர் ஒரு ஜோடி, அடுத்த இருவர் ஒரு ஜோடி. ஆளுக்கு 90 நொடி. கைதட்டினால் பேசுபவர் மாற வேண்டும். அடுத்து ஒற்றைப்படை பெஞ்ச் பின்னால் திரும்பி, புது ஆளிடம் அதே செய்தியை 60 நொடியில். ஐந்தாவது பெஞ்சுக்குத் திரும்ப ஆள் இல்லை. அவர்கள் பெஞ்சுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதை முன்பே சொல்லாவிட்டால் எட்டுப் பேர் சும்மா இருப்பார்கள், சத்தம் அங்கிருந்துதான் கிளம்பும். இரண்டு சுற்றும் சேர்த்துத் தலைக்கு 150 நொடி: ஐந்து நிமிடத்தில், 15 நொடியின் பத்து மடங்கு.

இருபது வாய் ஒரே நேரத்தில் திறந்தால் சத்தம் வரும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். முன்பே சொல்லி வைப்பது நல்லது. சத்தத்தை நிறுத்தும் அடையாளத்தை, ஆசிரியர் கை உயர்த்தினால் எல்லாரும் கை உயர்த்தி நிறுத்துவது என்பது போல, பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு மூன்று தடவை வெறுமனே பழக்க வேண்டும். தமிழும் கலக்கும். ஏரிக்கு ஆங்கிலம் தெரியாமல் ‘ஏரி’ என்றே சொல்லிவிட்டு மேலே போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். முழு வாக்கியமும் தமிழானால் மட்டும் பலகையைச் சுட்டினால் போதும்.

கடைசியில் வகுப்புக்குச் சொல்வது, தன் செய்தியை அல்ல, ஜோடியின் செய்தியை. கேட்டிருந்தால்தான் சொல்ல முடியும். எழுந்து நிற்கவும் வேண்டாம். எழுந்து நின்றால் அது விசாரணை ஆகிவிடுகிறது. உட்கார்ந்து சொன்னால் பேச்சாக இருக்கிறது.

துண்டு 2

1 ஆசிரியர்: வாட் டிட் யுவர் பார்ட்னர் டூ லாஸ்ட் சண்டே? (3.5) பாலு.
2 பாலு: முருகன் வென்ட் டு: ஏரி. (0.7) வித் ஹிஸ் பிரதர்.
3 (2.5) (ஆசிரியர் தலையசைக்கிறார்)
4 பாலு: அண்ட் தென்: (1.1) ஹி சீ எ ஸ்நேக்.
5 ஆசிரியர்: ஹி…?
6 பாலு: சா. ஹி சா எ ஸ்நேக்.
7 ஆசிரியர்: ஓ! முருகன், இஸ் தட் ரைட்?
8 முருகன்: எஸ் டீச்சர். (0.8) நோ நோ, மை பிரதர் சா. ஐ: (0.6) ஐ ரேன்.
9 ரேவதி: பிக் ஸ்நேக்?
10 முருகன்: நோ. வாட்டர் ஸ்நேக்.
11 (எல்லாரும் சிரிப்பு)

3ஆம் வரியின் 2.5 நொடிதான் இதில் விலை உயர்ந்த பொருள். ரோ சொன்ன இரண்டாவது காத்திருப்பு இது: பதிலுக்குப் பின் வரும் மௌனம். முதல் துண்டில் ‘வெரி குட்’ விழுந்த அதே இடம். தலையசைப்பு முறையை எடுத்துக்கொள்ளவில்லை, பாட்டிக்குக் கொட்டும் ‘ம்’ போல அதைப் பாலுவிடமே விட்டது. அடுத்த வாக்கியம் வந்தது. 5ஆம் வரியில் பிழை சுட்டப்பட்டது, விடை கொடுக்கப்படவில்லை. இறந்தகாலத்தைப் பாலுவே எடுத்தான்.

8ஆம் வரியில் முருகனின் ‘நோ நோ’ தனியாகக் கவனிக்க வேண்டியது. பாம்பைப் பார்த்தது யார் என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்த செய்தி; ஆசிரியருக்கு விடை தெரியாது. விடை தெரிந்த கேள்விக்கு யாரும் ‘இல்லை இல்லை’ என்று மறுத்துப் பேசுவதில்லை. ‘ஐ’க்குப் பிறகு இங்கேயும் 0.6 நொடி நின்றான், யாரும் புகவில்லை, ‘ரேன்’ தானே வந்தது.

9ஆம் வரியில் ரேவதியை யாரும் கூப்பிடவில்லை. எதிர்ப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து தானாக முறையை எடுத்தாள், முருகன் அவளுக்கே பதில் சொன்னான். முறை முதல் தடவையாக ஆசிரியரைத் தொடாமல் கடந்து போனது. அவள் சொன்னதில் வினையே இல்லை என்று அங்கே திருத்தப் புகுந்திருந்தால் 10ஆம் வரி கிடையாது. அந்தக் குறையை ஆசிரியர் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்த வைக்கலாம்.

எப்போதும் இப்படி ஓடாது. 3.5 நொடி காத்தும் யாரும் வாய் திறக்காத நாள் உண்டு. அப்போது கேள்வியை மாற்ற வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். “டாக் டு யுவர் பார்ட்னர், தர்ட்டி செகண்ட்ஸ்” என்று ஜோடிக்குத் திருப்பிவிட்டு மறுபடி கேட்டால் போதும். குனிந்த தலையை மறுப்பாகப் படிக்கவும் அவசரம் வேண்டாம். ஆசிரியரின் கண்ணைத் தவிர்ப்பவர் முறையைத் தவிர்க்கிறார் என்பது பல வகுப்புகளில் உண்மை. பெரியவர் முகத்தை நேராகப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்கு அது மரியாதையாகவும் இருக்கலாம்.

அளந்து பார்ப்பது

ஒரு தாளில் பெஞ்ச் வரைபடம். பெயர் சொல்லிக் கேட்டுப் பேசினால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, தானாகப் பேசினால் ஒரு புள்ளி. வகுப்புத் தலைவரிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். ஒரு வாரத்தில் வெற்றுக் கட்டங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையிலா என்பதும்.

மௌனத்தை அளக்கக் கைப்பேசி வேண்டும். பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, அதில் இரண்டு நிமிடத்தை மட்டும் எழுதினால் போதும். முழுவதையும் எழுத உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அடுத்த தடவை யாரும் செய்ய மாட்டார்கள். பார்க்க வேண்டியவை மூன்று: கேள்விக்குப் பின் எத்தனை நொடி, மாணவரின் மிக நீண்ட முறையில் எத்தனை சொல், ஆசிரியரைத் தொடாமல் எத்தனை தடவை முறை கைமாறியது. பதிவு செய்வதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், எழுதி முடித்ததும் அழித்துவிட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எழுத்துத் தேர்வுதான் என்பதால் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி வரும். வாரத்தில் இரண்டு பாடவேளையில் பதினைந்து நிமிடம் என்று தொடங்கலாம். ஜோடியில் பேசியதையே ஐந்து வரியாக எழுத வைத்தால் தேர்வுக்கும் அது பயிற்சிதான்.

மீதமிருப்பவள் கவிதா. இதுவரை ஒரு பாடவேளைக்கு ஏழெட்டு முறை பேசிக்கொண்டிருந்தவள், குச்சியும் ஜோடியும் வந்ததும் தனக்கு ஏதோ தண்டனை என்று நினைப்பாள். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருப்பாள். அவளை அடக்குவது தீர்வல்ல. குச்சி டம்ளரை அவளிடம் கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் கேள்வியை அவளே கேட்கும்படி விடலாம். சட்டம் ஒன்றுதான்: கேள்வி கேட்ட பிறகு மூன்று நொடி கழித்தே குச்சியை உருவ வேண்டும். முதல் நாள் அவளாலும் ஒரு நொடிக்கு மேல் பொறுக்க முடியாது.